நோன்பு மாதத்துக்கு வீட்டை எப்படித் தயார் செய்வது? மேல்விஷாரத்திலிருந்து ஒரு கேள்வி

மேல்விஷாரம் மருமகள்:
அஸ்ஸலாமு அலைக்கும். நான் கடையநல்லூர்ப் பெண், மேல்விஷாரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதம் பாதி போய்விட்டது. இதுவரை ரமலான் சமையலை மாமிதான் பார்த்தார்கள். இப்போது முழங்கால் வலியில் அவர்களால் நிற்க முடியவில்லை. இந்த வருஷம் அடுப்படி என் பொறுப்பு. வீட்டில் ஆறு பேர். மாமாவுக்குச் சர்க்கரை, மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு நோன்பையும் விடமாட்டேன் என்கிறார். கணவருக்கு ராணிப்பேட்டை தோல் கம்பெனியில் காலை ஷிஃப்ட். குர்ஆனை ஒரு தடவை முழுசாக ஓதி முடிக்க நிய்யத் வைத்திருக்கிறேன். விடியலுக்கு முன் சஹர், நோன்பு திறக்க இஃப்தார் என்று மாதம் முழுக்க அடுப்படியிலேயே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. முன்கூட்டியே என்னென்ன செய்து வைக்கலாம்?

பேரணாம்பட்டு அக்கா:
வ அலைக்கும் ஸலாம் தங்கச்சி. இந்த மாதம் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டுமல்ல, சமைக்கிறவளுக்கும் வந்த மாதம்தான். அதனால் ஓதலுக்கு நேரம் ஒதுக்கிவிட்டு, மிச்ச நேரத்தில் சமையலை வை. தினம் ஒரு ஜுஸ்வு (குர்ஆனின் முப்பதில் ஒரு பாகம்), அதை ஐந்தாகப் பிரித்து ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் கொஞ்சம். ஆனால் நமக்கு மாதவிலக்கு நாட்கள் உண்டே. ஆரம்பத்திலேயே ஒன்றரை ஜுஸ்வாக ஓதிவிட்டால் பின்னால் மூச்சு முட்டாது. போன வருஷம் விட்டுப்போன களா நோன்பு பாக்கி இருந்தால் அதையும் இப்போதே முடி. நபியின் மனைவி ஆயிஷா நாயகி (ரலி) அவர்களும் களா நோன்பை ஷஃபானில்தான் நோற்றதாக ஹதீஸ் இருக்கிறது.

கஞ்சி விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு தூக்கை எடுத்துக்கொண்டு போனால் பள்ளிவாசலில் கஞ்சி கிடைக்கும். நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, புதினா எல்லாம் போட்டு அண்டாவில் காய்ச்சும் அந்த ருசி நம் குக்கரில் வராது. 2001 முதல் அரசாங்கமும் கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்கு அரிசி தருகிறது. தெரு முழுக்க ஒரே கஞ்சியைக் குடிப்பதில் ஒரு பரக்கத் இருக்கிறது. அப்படியிருக்க வீட்டில் தனியாக ஏன் காய்ச்ச வேண்டும்? சமோசா, வடை வாரத்தில் இரண்டு நாள் போதும். மற்ற நாட்களில் பேரீச்சம்பழம், நறுக்கிய பழம், சப்ஜா போட்ட நன்னாரி சர்பத்.

இஞ்சி பூண்டு விழுதைத் தண்ணீர் விடாமல் அரைத்து, உப்பும் எண்ணெயும் சேர்த்துக் கண்ணாடி பாட்டிலில் போட்டுவிடு. ஒரு வாரத்துக்கு வேண்டியதை ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் வைத்துக்கொண்டு மிச்சத்தை ஃப்ரீசரில் வை. வெங்காயம் பொரித்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. சஹருக்குக் குழம்பை ராத்திரியே வைத்துவிடு, எழுந்து சோறு மட்டும் வடி. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைத்தால் புளி விட்டுச் செய்; மறுநாள் சஹருக்கும் நன்றாக இருக்கும். பிரியாணி, ஊறுகாய் சஹரில் வேண்டாம், பகல் முழுக்கத் தாகம் எடுக்கும்.

இன்னொன்று, பெருநாள் துணியை இப்போதே தைக்கக் கொடு. ரமலானின் கடைசிப் பத்து இரவுகளில்தான் லைலத்துல் கத்ர் என்கிற மகத்தான இரவைத் தேடச் சொல்லியிருக்கிறது. அந்த இரவுகளில் நம் பெண்கள் பஜாரில் ரவிக்கைத் துணிக்கு அலைவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

வேலூர் நர்ஸ்:
மாமாவை ரமலானுக்கு முன்பே டாக்டரிடம் அழைத்துப் போங்கள் சகோதரி. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை திடீரென்று இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைட் மாதிரி மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் இறங்கும். எந்த வேளைக்கு எவ்வளவு என்று டாக்டர்தான் மாற்றித் தர வேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறியாது. மாமாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், பலர் அதற்குப் பயந்தே பார்ப்பதில்லை. 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் உடனே நோன்பை விட்டுவிட வேண்டும். மயக்கம், நடுக்கம், வியர்வை வந்தாலும் அப்படித்தான். சஹரை நள்ளிரவிலேயே சாப்பிட்டுப் படுத்துவிடாமல் கடைசி நேரத்தில் சாப்பிடட்டும். டாக்டர் நோன்பே வேண்டாம் என்றால், நோயாளிக்குக் குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்திலேயே சலுகை இருக்கிறது, நோன்புக்குப் பதிலாக ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யாவும் இருக்கிறது. 2018ல் ரமலான் கத்திரி வெயிலில் வந்தது. வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து இப்போது மாசிப் பக்கம் வந்திருப்பது அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஆம்பூர் பாய்:
பழம் நறுக்குவது, சாப்பாட்டு விரிப்பான தஸ்தர்கான் விரிப்பது, கஞ்சி வாங்கி வருவது, சாப்பிட்ட பாத்திரம் கழுவுவது எல்லாம் எங்கள் வீட்டில் ஆண்கள் வேலை. நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் ஒத்தாசை செய்தார்கள் என்பதை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள் தங்கச்சி. காலை ஷிஃப்ட் என்றால் அஸருக்கு வந்துவிடுவாரே.

மேல்விஷாரம் மருமகள்:
ஜஸாக்கல்லாஹ் கைரன். எல்லாவற்றையும் கணவரிடம் படித்துக் காட்டினேன், கஞ்சித் தூக்கு இனி அவர் பொறுப்பு. மாமா புதன்கிழமை டாக்டரிடம் வரச் சம்மதித்துவிட்டார். அக்கா, விழுதுக்கு நல்லெண்ணெயா, கடலை எண்ணெயா?

பேரணாம்பட்டு அக்கா:
கடலை எண்ணெய்தான். நல்லெண்ணெய் விட்டால் எல்லாக் குழம்பிலும் அதன் வாசனை வரும். பூண்டை மாமியிடம் உரிக்கக் கொடு. உட்கார்ந்தபடி செய்கிற வேலை, அவர்களுக்கும் பங்கு கிடைத்த மாதிரி இருக்கும்.