மறுமொழி: வாம்பயர் – காட்டேரியா, குருதியுண்ணியா, வேறு ஏதாவதா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். செத்த பிறகும் குழியிலிருந்து எழுந்து வந்து ஆட்களைக் கொல்வதாக ஐரோப்பாவில் நம்பப்பட்ட ‘வாம்பயர்’ (vampire) என்பதற்கு என் நாவலில் எந்தத் தமிழ்ச்சொல்லைப் போடுவது என்ற பேச்சில், நீங்கள் சொன்ன யோசனைகளுக்கு என் பதில் இது.

கேட்டவர்களுக்காக மறுபடியும்: நாவலின் களம் ஆஸ்திரியர் கையில் இருந்த செர்பியா, 1730களின் தொடக்கம். நாயகன் ஊர் ஊராகப் போய் வாம்பயர் ஒழித்துக் காசு வாங்குகிறவன். குடிகாரன், பாதி நேரம் புளுகன். வகைப்பெயர் ‘இருள் மிகுபுனைவு’ (dark fantasy) என்றே இருந்துவிட்டுப் போகட்டும், அதில் எனக்கு வழக்கில்லை.

> இரத்தக்காட்டேரி என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். பழகிய சொல்லை எதற்கு மாற்றுவது?

பழகிய சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் காட்டேரி இங்கே படையல் வாங்குகிறவள். சில குடும்பங்களுக்குக் குலதெய்வம். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்கள் கயானா, டிரினிடாட் வரை அவளைக் கூடவே கூட்டிப்போனார்கள். இன்றும் அங்கே கும்பிடுகிறார்கள். செர்பியக் குடியானவன் ஒருவனின் பிணத்துக்கு அவள் பெயரை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

> அப்படியானால் குருதியுண்ணி? தாவரவுண்ணி, ஊனுண்ணி போலவே அமைந்துவிடும்.

பாடப்புத்தகத்தில் அமையும் ஐயா. மாடு வளர்க்கிற வாசகருக்கு உண்ணி என்றால் வேறொன்று ஞாபகம் வரும். அதைவிடப் பெரிய சிக்கல், குருதி குடிப்பதை மட்டும் அடையாளமாக வைத்துச் சொல் ஆக்கினால் கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்தில் கூழடுகிற பேய்கள் அத்தனையும் வாம்பயர் ஆகிவிடும்.

அடையாளம் வேறு இடத்தில் இருக்கிறது. 1725இல் கிசில்யெவோ என்ற செர்பிய ஊரில் பெதார் பிளகோயெவிச் என்பவர் இறந்து பத்து வாரம் ஆகியிருந்தது. எட்டே நாளில் ஒன்பது பேர் செத்தார்கள். ராத்திரி பெதார் வந்து மேலே படுத்துக் கழுத்தை நெரித்தார் என்று சாகும்போது சொன்னார்களாம். ஊரார் குழியைத் தோண்டியபோது ஃப்ரோம்பால்ட் என்ற ஆஸ்திரிய அதிகாரியும் ஒரு பாதிரியாரும் பக்கத்திலேயே நின்றார்கள். அதிகாரி எழுதிய அறிக்கை வியன்னாப் பத்திரிகையில் வந்தது. பிணவாடை இல்லை. மூக்கு மட்டும் கொஞ்சம் அமுங்கியிருந்தது. முடியும் தாடியும் வளர்ந்திருந்தன. பழைய தோல் வெளுத்து உரிந்து, அடியில் புதுத்தோல். வாயில் ரத்தம். கூராக்கிய மரமுளையை நெஞ்சில் இறக்கினார்கள், காதிலும் வாயிலும் ரத்தம் வழிந்தது, பிறகு எரித்துவிட்டார்கள். இதில் தவறு ஏதும் இருந்தால் பழி என்மேல் இல்லை, பயத்தில் நிலைமறந்த கூட்டத்தின்மேல் என்று அதிகாரி கடைசியில் கை கழுவிக்கொள்கிறார். எந்த நூற்றாண்டானாலும் அரசு அதிகாரி அரசு அதிகாரிதான்.

(அழுகும் உடலில் வாயு சேர்ந்து ஊதும், வாய்வழியே செந்நிற நீர் தள்ளும், மேல்தோல் கழன்றுவரும் என்று இன்றைய தடயவியல் சொல்லும். 1755இல் ஆஸ்திரிய அரசி மரியா தெரேசா தன் மருத்துவர் வான் ஸ்வீட்டனிடம் இந்த விவகாரத்தை விசாரிக்கச் சொல்லி, இப்படிப் பிணம் தோண்டுவதற்கே தடை போட்டார். அது நாவலின் காலத்துக்குப் பிந்தியது.)

ஆக, நம் பேய் உடம்பை விட்டு வந்தது; கால் தரையில் பாவாது. செர்பியரின் வாம்பயரோ உடம்பேதான். வேதாளம் சரிப்படாததும் இதனால்தான். முருங்கைமரத்துப் பிணத்தில் வேதாளம் வாடகைக்குக் குடியிருக்கிறது, பெதாரோ சொந்த வீட்டுக்காரர். அதனால் சொல்லுக்குள் ‘பிணம்’ இருந்தே தீர வேண்டும்.

> வாடாப்பிணம்?

வாடாமல்லி மாதிரி அழகாகத்தான் இருக்கிறது. உரையாடலில் போட்டுப் பாருங்கள்: “வாடா, பிணம்!” முடிந்தது கதை. மக்காப்பிணம் என்றால் மாநகராட்சிக் குப்பைத்தொட்டி. நாகர்கோவில்காரர்களுக்கு அதுவும் விளிதான். நடைபிணம் ஏற்கெனவே மனமுடைந்தவர்களுக்கும் ஜாம்பிக்கும் போய்விட்டது. என் முடிவு: அழுகாப்பிணம். அருவருப்பாக இருக்கிறது என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். இருக்கட்டுமே. மேலங்கி போட்ட வெளிறிய கோமான் எல்லாம் 19ஆம் நூற்றாண்டுக் கதைக்காரர்கள் சேர்த்தது. கிராமத்து ஆள் ஊதிச் சிவந்துதான் கிடந்தான்.

இனி நாயகன். செர்பியர் நம்பிக்கையில் வாம்பயர் தன் விதவையிடம் வந்து போகும். அதற்குப் பிறக்கும் பிள்ளைக்குத்தான் பிறர் கண்ணில் படாத வாம்பயர் தெரியும். அதுவே பரம்பரைத் தொழில். சட்டையைக் கழற்றி, அதன் கைக்குள்ளே ஒற்றைக் கண்ணை வைத்து ஊரைச் சுற்றிப் பார்ப்பான். பிறகு வெறுங்காற்றோடு கட்டிப்புரள்வான். எழுந்து காசோ துணியோ வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவான். செர்பியர் ‘வாம்பிரோவிச்’ என்பார்கள், வாம்பயரின் மகன் என்று பொருள்.

> வேட்டையன் என்றே வைத்துவிடலாமே?

வேட்டையனுக்கு வீரம் ஒட்டிக்கொள்கிறது. இவன் கொல்லப் போவது அப்பன் சாதியை. ஊருக்கு இவன் தேவை, ஆனால் பந்தியில் இடம் கிடையாது. பிணமகன் என்று வைக்கிறேன். வசவு போல ஒலிக்கிறது என்கிறீர்கள், ஒலிக்க வேண்டும். கூப்பிடுகிறவன் பயத்தோடும் சொல்லலாம், காறித் துப்பியும் சொல்லலாம். பெண் வந்தால் பிணமகள்.

மிச்சம் ஒன்றுதான்: நெஞ்சில் இறக்கும் மரம். ‘கழு’ ஆளை ஏற்றுவது, இது ஆளுக்குள் இறங்குவது. ‘ஆப்பு’ என்று எழுதினால் உச்சக்காட்சியில் வாசகர் சிரித்துவிடுவார். இப்போதைக்கு ‘முளை’ என்றே ஓட்டுகிறேன், மாடு கட்டுகிற வாடை அடித்தாலும். தச்சு வேலை தெரிந்தவர்கள் யாராவது இதைவிட நல்ல சொல் வைத்திருந்தால் இந்த இழையிலேயே போடுங்கள்.