குரோனோகிராஃப்: காலவரைவியா, இடைப்பொழுதுக் கடிகாரமா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

'ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃப்' என்ற கைக்கடிகார வகைக்கு நீங்கள் வைத்த 'தானியங்கிக் காலவரைவி' என்ற சொல் முன்னும் இடிக்கிறது, பின்னும் இடிக்கிறது.

1821இல் பாரிஸில் ரியூசெக் என்ற கடிகாரக்காரர் குதிரைப் பந்தயத்துக்குச் செய்த முதல் குரோனோகிராஃப் கருவி முகப்பில் மைப்புள்ளி வைத்தது. அதை வரைவி எனலாம். இன்று கையில் கட்டுவது எதை வரைகிறது?

பெரியப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்த சீகோ 6139 என்ற குரோனோகிராஃப் கைக்கடிகாரம் என் மேசையில் கிடக்கிறது. மஞ்சள் முகப்பு. நடுவில் இருக்கும் நொடிமுள் பன்னிரண்டிலேயே நிற்கும். ஓடும் நொடிமுள் வேறு கிடையாது. பாளையங்கோட்டையில் பழுதுபார்ப்பவரே முதலில் "நின்றுபோயிற்றே" என்றார். மேல் பொத்தானை அழுத்தினால் முள் கிளம்பும், மறுபடி அழுத்தினால் நிற்கும், கீழ்ப் பொத்தானுக்குப் பன்னிரண்டுக்கே துள்ளித் திரும்பும். மணிமுள்ளும் நிமிடமுள்ளும் இதையெல்லாம் சட்டை செய்யாமல் தம் போக்கில் போகும். ஆகவே ஸ்டாப்வாட்சுக்கு உரிய 'நிறுத்தற்கடிகாரம்' பொருந்தாது. 'காலமானி' துல்லியக் கடிகாரமான குரோனோமீட்டருக்குப் போய்விட்டது. அளப்பது தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட பொழுதை. 'இடைப்பொழுதுக் கடிகாரம்' என்போமே.

அடுத்து 'தானியங்கி'. சாவி கொடுத்துவிட்டால் சுவர்க் கடிகாரமும் தானாகத்தான் ஓடுகிறது. இதில் விசேஷம் சாவி ஏறும் விதம். 6139இன் பக்கவாட்டுத் திருகைச் சுற்றினால் முகப்பின் உள்வளையம் சுழலும், அழுத்தினால் தேதியும் கிழமையும் மாறும். சாவி மட்டும் ஏறாது. கை அசையும்போது உள்ளே அரைவட்ட எடை ஆடி ஸ்பிரிங்கைச் சுற்றினால்தான் உண்டு. அதனால் 'தன்சாவி'. 'தன்முடுக்கு' என்றும் யோசித்தேன். நம் ஊரில் முடுக்கு என்றால் சந்து. ரத வீதிக்குப் பின்னால் போய்த் தேடுவார்கள்.

*

தம்பி,

வரைவியை விட்டுவிடுகிறேன். ஆனால் சாவி போர்த்துக்கீசிய வரவு ஆயிற்றே? 'தன்திறவுகோல்' என்று எழுதிப் பார்த்தேன், பூட்டுக்கடை வாடை அடித்தது. சாவியே இருக்கட்டும்.

நீளம்தான் உறுத்துகிறது. 1969இல் சீகோ உட்பட மூன்று தரப்பும் தானியங்கி குரோனோகிராஃபை இறக்கியபோது, சுவிஸ் நிறுவனங்களான ஹொயர்-பிரைட்லிங் கூட்டணி 'குரோனோகிராஃப்', 'ஆட்டோமேட்டிக்' என்ற இரண்டு சொல்லை நறுக்கி 'குரோனோமாட்டிக்' என்று ஒட்டிக்கொண்டது. இன்னொரு சுவிஸ் நிறுவனமான ஜெனித் 'எல் பிரிமேரோ' என்றது; ஸ்பானிய மொழியில் 'முதலாவது' என்று பொருள். அந்தத் துணிச்சலில் நானும் 'இடைக்கடிகாரம்' என்று நறுக்கினேன். வீட்டில் வாசித்துக் காட்டியதும், "அரைஞாண் கயிற்றில் தொங்கவிடுவதா?" என்று கேட்டுவிட்டார்கள்.

பொழுதைச் சேர்த்தே எழுதுங்கள்.