பின்ன அடுக்குகளோடு மல்லுக்கட்டிய அனுபவங்கள்

டியூஷன் அண்ணன்:
பதினொன்றாம் வகுப்புப் பையன். (எக்ஸ்^½ + எக்ஸ்^−½)² சுருக்கச் சொன்னேன் (^ குறிக்குப் பின்னால் வருவது அடுக்கு; ½ அடுக்கு என்றால் வர்க்கமூலம்). ஒழுங்காகத்தான் விரித்தான். நடு உறுப்பில் ½, −½ இரண்டும் அடிபட்டு எக்ஸ்^0 வந்ததும் பேனா நின்றுவிட்டது. “எக்ஸே காணாமப் போயிடுச்சுண்ணா, அப்ப சைபர்தானே?” கேட்டுக்கொண்டே எக்ஸ் + 1/எக்ஸ் என்று முடித்துவிட்டான். எக்ஸுக்கு 4 போடச் சொன்னேன். கேள்வியில் 2.5-இன் வர்க்கம், 6.25. அவன் விடையில் 4.25. தொலைந்த 2-ஐப் பார்த்தபடியே, “ஒண்ணுமே பெருக்கலைன்னா எப்படிண்ணா ஒண்ணு வரும்?” என்றான். எக்ஸை எக்ஸாலேயே வகுத்தால் 1 தானே என்று காட்டினேன். தலையாட்டினான். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

கோடு தட்டுபவன்:
அதை விடுங்கள், (−8)^(1/3), அதாவது −8-இன் கனமூலம், எவ்வளவு? மகள் −2 என்று எழுதியிருந்தாள். சரிபார்க்கிறேன் பேர்வழி என்று பைதான் நிரல்மொழியில் போட்டேன். கற்பனைப் பகுதி 1.732-ஓடு ஏதோ கலப்பெண் (−1-இன் வர்க்கமூலம் கலந்த எண்) வந்து நிற்கிறது! அடைப்புக்குறியை எடுத்தால் −2.0. “உங்க கம்ப்யூட்டருக்கே தெரியலையாப்பா?” என்று ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள்.

பழைய வாத்தியார்:
மேலே உள்ளவர் பைதானைக் குறை சொல்வது அநியாயம். −8-க்குக் கனமூலம் மூன்று உண்டு, −2 அதில் ஒன்றுதான். பைதான் தருவது முதன்மை மூலம், அதாவது அந்த மூன்றில் மரபாக முதலில் கொள்ளும் கலப்பெண். அடைப்புக்குறி இல்லாவிட்டால் அது 8-க்கு மூலம் கண்டு, கழித்தல் குறியைக் கடைசியில் ஒட்டும். 1/3-ஐ 2/6 என்று எழுதிப் பாருங்கள்: −8-இன் வர்க்கம் 64, அதன் ஆறாம் மூலம் 2. குறியே மாறிவிட்டது! என் வகுப்பில் ஒரு மாணவி இதைக் கேட்டுவிட்டு, மணி அடித்த பிறகும் பலகையை விட்டு நகரவில்லை. அடிமானம் (அடுக்கு ஏறும் எண்) மிகை எண்ணாக இருக்கட்டும் என்று புத்தகத்தில் போடுவது இதற்காகத்தான்.

அப்புறம் எல்லோருக்குமே சொல்கிறேன். மூலத்தை முதலில் எடுங்கள், அடுக்கைப் பிறகு ஏற்றுங்கள். 32^(3/5)-க்கு 32768 வரை போய்த் திரும்ப வேண்டாம்; ஐந்தாம் மூலம் 2, கனம் 8, முடிந்தது. பொதுக் காரணி எடுக்கும்போது இருப்பதிலேயே சிறிய அடுக்கை வெளியே கொண்டுவாருங்கள்: எக்ஸ்^(3/2) + எக்ஸ்^(−1/2) என்பது எக்ஸ்^(−1/2) × (எக்ஸ்² + 1). உள்ளே எக்ஸ் என்று எழுதுபவர்களே அதிகம். 3/2-இலிருந்து −1/2-ஐக் கழித்தால் 2 வரும், 1 அல்ல. அந்தக் கழித்தலை மனக்கணக்காகப் போடாமல் ஓரத்தில் எழுதுங்கள்.

கோடு தட்டுபவன்:
சார், நான் பைதானைக் குறை சொல்லவே இல்லை. மகள் முன்னால் மானம் போனதைத்தான் சொன்னேன்.

வட்டிக்கணக்கு:
எனக்கு இது பள்ளிக்கூடத்தில் வரவில்லை, கைமாற்றுக் கடனில் வந்தது. ஆண்டுக்கு 12% கூட்டு வட்டி என்று பேச்சு. மாதத்துக்கு 1% தானே என்றார் கொடுத்தவர். 1.12^(1/12)-ஐக் கைபேசியில் தட்டிக் காட்டினேன், கிட்டத்தட்ட 1.0095, அதாவது மாதத்துக்கு 0.95% தான். மாதம் 1% போட்டால் ஆண்டுக்கு 12.68% ஆகிறதே என்றேன். “இந்தச் சில்லறைக்கா சார் இவ்வளவு கணக்கு?” என்று சிரித்துக்கொண்டே பத்திரத்தில் 1% என்றே எழுதினார்.