பழைய ஆம்ப்ல மாத்து டிரான்சிஸ்டர் போட்ட அனுபவம் இருக்கறவங்க எழுதுங்க

சோல்டர்புகை:
ரெண்டு வருஷமா உறுத்திட்டே இருக்கு. அப்பா மைக் செட் ஓட்டின காலத்து ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), அவுட்புட் டிரான்சிஸ்டர் ரெண்டுமே என்பிஎன் வகை, 2என்3055 ஜோடி, பெரிய கெபாசிட்டர் வழியா ஸ்பீக்கருக்குப் போற டைப். ஒண்ணு ஷார்ட். புது ஜோடி வாங்கி கரன்ட் கசியாம தடுக்கற மைக்கா தகடு, ஹீட்சிங்க் (சூட்டை வாங்கற உலோகத் துண்டு) பேஸ்ட் எல்லாம் புதுசா வச்சு மாட்டினேன். ஆன் பண்ணேன், பாட்டு போடல, வால்யூம் சைபர்ல இருக்கு, அவுட்புட்ல 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரோட சீரிஸ்ல வர்ற 10 ஓம் ரெசிஸ்டர் மட்டும் புகையுது. ஸ்பீக்கர்ல ஒரு சத்தமும் இல்ல. அதே நேரம் அடுப்படியில அம்மா வச்சிருந்த மீடியம் வேவ் ரேடியோ செய்தியை விட்டுட்டு கூய்ய்ய்னு கத்துது, ஆம்பை ஆஃப் பண்ணா செய்தி திரும்ப வருது. அம்மா "என்னடா பண்ற"ன்னு கரண்டியோட வந்து நின்னாங்க. காதுக்குக் கேக்காத உயர் அதிர்வெண்ல ஆம்ப் ஆசிலேட் ஆகுது, அதாவது பாட்டு இல்லாமலே தானா அலையை உண்டாக்குதுன்னு அப்பதான் புரிஞ்சுது. பழைய 3055 மெதுவானது, 0.8 மெகாஹெர்ட்ஸ் சுமார், இப்ப வர்றது 2.5க்கு மேல, அந்த சர்க்யூட் இந்த வேகத்துக்குப் போட்டதில்ல.

பழைய_கேன்:
அண்ணே உங்களுக்காவது ஒரிஜினல் கிடைச்சிருக்கு. நான் போட்ட போலி 3055 நாலாவது பாட்டுல போச்சு, அதுவும் பாதி வால்யூம்ல. கோவத்துல ஆக்சா பிளேடு வச்சு மூடியை அறுத்துப் பாத்தேன். செத்துப்போன பழசையும் அறுத்தேன். பழசுல உள்ள சில்லு சுண்டுவிரல் நகத்துல பாதி இருக்கு, புதுசுல மிளகு சைஸ். அவ்ளோ பெரிய உலோகக் கேனுக்குள்ள மிளகு. மேல எழுத்து மட்டும் பளபளன்னு. 115 வாட்ஸ் தாங்கும்னு நம்பி தங்கச்சி வளைகாப்புக்கு எடுத்துட்டுப் போயிட்டேன், பாதியில நின்னுபோச்சு, இன்னும் அந்த டிரான்சிஸ்டரை டப்பாவுல வச்சிருக்கேன்.

மாங்காடு_எலக்ட்ரானிக்ஸ்:
முதல் தம்பி சொல்றதை நான் ஒத்துக்கல. புது டிரான்சிஸ்டர் வேகம்னு எல்லாரும் சொல்லிடறாங்க, பாதி கேஸ்ல எர்த் வயரை ஹீட்சிங்க்ல கண்ட இடத்துல முடிஞ்சு வச்சிருப்பாங்க, இல்லனா டிரான்சிஸ்டரோட மூணு முனையில (பேஸ், கலெக்டர், எமிட்டர்) பேஸுக்குப் போற வயர் ஒரு முழம் நீளம் இருக்கும். எனக்கு ஒரு தடவை அப்படித்தான் ஆச்சு, வயரைக் குறைச்சேன் சரியாச்சு, அவ்ளோதான் கதை. எதை மாத்தினாலும் முதல்ல 100 வாட்ஸ் குண்டு பல்பை மெயின்ஸ்ல சீரிஸ்ல போடுங்க, ஆன் பண்ணதும் மின்னி மங்கினா நல்லது, முழுசா எரிஞ்சுட்டே இருந்தா உடனே ஆஃப். அப்புறம் ஸ்பீக்கர் மாட்டாம அவுட்புட்ல டிசி பாருங்க. எமிட்டர் ரெசிஸ்டர் 0.22 ஓம்னா அது மேல 10 மில்லிவோல்ட் இருந்தா 45 மில்லிஆம்ப் ஓடுதுன்னு அர்த்தம், அரை மணி நேரம் சூடானப்புறம் மறுபடி பாருங்க, ஏறிட்டே போனா பயஸ் டயோடு (சூட்டுக்கு ஏத்த மாதிரி அந்தக் கரன்ட்டைக் கட்டுப்படுத்தறது) ஹீட்சிங்கை ஒட்டி இருக்கான்னு பாருங்க. கலெக்டருக்கும் ஹீட்சிங்க்குக்கும் கன்டினியூட்டி இருக்கவே கூடாது, கேனே கலெக்டர்தான். 60 வோல்ட் தாங்கற 3055 இருந்த இடத்துல சப்ளை அதிகமா இருக்குன்னு சந்தேகம் வந்தா எம்ஜே15003 போடுங்க, 140 வோல்ட் தாங்கும்.

சி1815:
இதெல்லாம் பெரிய டிரான்சிஸ்டர் கதை, எனக்கு மாட்டினது சின்னது. ஜப்பான் ஆம்ப்ல இன்புட்ல சி1815 போயிருந்தது, கையில இருந்த பிசி547 போட்டேன், தட்டையான முகத்தைப் பாத்து பழசு மாதிரியே. ஆனா கால் வரிசை வேற: 1815க்கு எமிட்டர், கலெக்டர், பேஸ். 547க்கு கலெக்டர், பேஸ், எமிட்டர். ஆன் பண்ணதும் வூஃபர் கோன் முன்னாடி பிதுங்கி அப்படியே நின்னுச்சு, திரும்பி உள்ள போகவே இல்ல. காயில் கருகின வாசனை வந்தப்புறம்தான் பிளக்கைப் பிடுங்கினேன். அந்தக் கோன் நின்ன நிலை இன்னும் கண்ணுல இருக்கு.

சோல்டர்புகை:
மாங்காடு சார், வயர் ஒண்ணையும் தொடல. நல்லா இருந்த பழைய ஒண்ணு, சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்ல கழட்டின போர்டுல கிடைச்ச இன்னொண்ணு, ரெண்டையும் அதே ஸ்க்ரூவுல போட்டேன், ரேடியோ ஒழுங்கா செய்தி வாசிச்சுது. புது ஜோடியைத் திரும்பப் போட்டா கூய். வோல்டேஜ் ஸ்டேஜ் (அவுட்புட்டுக்கு முன்னாடி சிக்னல் வோல்டேஜைப் பெருக்கற பகுதி) டிரான்சிஸ்டரோட கலெக்டர் பேஸ் நடுவுல இருக்கற கெபாசிட்டரைக் கொஞ்சம் கூட்டினப்புறம்தான் புதுசும் அடங்குச்சு, ஆனா ட்ரெபிள் முன்ன மாதிரி இல்லன்னு எனக்குத் தோணுது. இப்ப பழசு ரெண்டும்தான் உள்ள இருக்கு. அதுவும் போனா என்ன போடறதுன்னு யாராவது செஞ்சு பாத்திருந்தா சொல்லுங்க.