'டோர்னமென்ட் அட் கேம்லாட்': அந்த வாள் 13 இன்னும் உறுத்துகிறது

கடைசிப்பிடி:
ஆர்தர் மன்னன் கதையை வைத்த சீட்டாட்டம் இது. ஆளுக்கொரு சீட்டு வைக்கும் ஒவ்வொரு பிடியிலும் சின்னச் சீட்டு வைத்தவர்தான் பிடியை வாங்கி உயிர் இழப்பார். நாலு பேர் ஆட்டம். 400 உயிரில் தொடங்கியதில் எனக்கு 210 மிச்சம், நண்பனுக்கு 220. சுற்று முடிய இரண்டே பிடி. நான்தான் அடிமட்டம், கடைசியில் இருப்பவருக்கு உதவியாகக் கிடைக்கும் வரச் சீட்டு எனக்குத்தான் என்று நிம்மதியாக இருந்தேன். வாள் இனத்தில் பிடி தொடங்கியது. அவன் ஒரு சீட்டை உருவினான், என் பக்கம் ஒரு பார்வை பார்த்தான், அதை உள்ளே செருகிவிட்டு வாள் 2-ஐ வைத்தான். பிடி அவன் தலையில். பாவம், கையில் வேறு வாள் இல்லை போல என்று நினைத்தேன். அடுத்த பிடியில் அவன் கையிலிருந்து வந்தது வாள் 13! வேண்டுமென்றே அடி வாங்கி எனக்குக் கீழே இறங்கி, வரத்தையும் வாங்கிக்கொண்டான். ஆட்டமும் அவனுக்கே. அவன் முதலில் உருவிச் செருகியது அந்த 13-தானா?

அரைவட்டமேசை:
இதில் என்ன தப்பு? இனம் இனத்துக்கு வைத்தான், விதிப்படி சரி. ஆனால் எல்லாரும் செய்யக் கூடியதல்ல. நான் ஒருமுறை வரத்துக்கு ஆசைப்பட்டுப் பிடி பிடியாக வாங்கினேன். கணக்குப் போட்டால் பூஜ்யத்துக்குக் கீழே. நான் விழுந்ததால் ஆட்டமே அத்தோடு முடிந்தது, அதிக உயிரோடு இருந்தவர் ஜெயித்தார். மற்ற இருவரும் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே!

துருப்புராணி:
அரைவட்டமேசை, விதிப்படி சரி என்பதாலேயே சரியாகிவிடுமா? பின்தங்கியவர் எழுந்து நிற்கத்தான் வரம். அதைப் பிடுங்குவது வீரமா?

என் கதை சின்னது. புதிதாக ஆட வந்தவர் பெரிய சீட்டை வீசிவிட்டு, ஜெயித்த பிடியை அள்ளக் கை நீட்டினார். இங்கே இருப்பதிலேயே சின்னச் சீட்டு வைத்தவர்தான் அள்ளவேண்டும் என்றதும் நீட்டிய கை அப்படியே நின்றது.

அதனால் சொல்கிறேன். புதியவர்களுக்கு மெர்லின் என்ற சிறப்புச் சீட்டு, பாத்திரங்களின் சக்தி எல்லாம் முதலில் சொல்லாதீர்கள். கைச் சீட்டுகளை எல்லாருக்கும் தெரியத் திறந்து வைத்து நாலைந்து பிடி ஆடவிடுங்கள். பெரிய சீட்டு கேடயம், வாங்கும் சீட்டு காயம், இது இரண்டும் கைக்குப் பழகட்டும். பழக்கமான பிடி ஆட்டங்களில் ஊறிய கைக்குத்தான் இது ரொம்பக் கஷ்டம். ரசவாதம் என்ற தனி இனச் சீட்டைப் பற்றி அப்புறம் பேசலாம். உயிர்க் கணக்கை ஒருவரே தாளில் எழுதட்டும், ஆளுக்கொரு கணக்கு என்றால் சண்டைதான். இன்னொன்று, பிரெஞ்சுச் சீட்டுக்கட்டில் கிளாவர் ஜாக்கிக்குப் பெயரே லான்சலாட், ஆர்தர் கதையின் வீரன். அதைக் காட்டிக் கதை சொல்லி ஆரம்பித்தால் யாரும் சீக்கிரம் எழுந்து போகமாட்டார்கள்.

கடைசிப்பிடி:
அம்மா தாயே, நான் சொல்லிக்கொடுக்கும் வழியா கேட்டேன்? அவன் முதலில் உருவியது அந்த 13-தானா, அதைத்தான் கேட்கிறேன். அவனிடம் கேட்டால் சிரிக்கிறான்.