பாம் த்ரீயை 8051 போர்டோடு சீரியலில் இணைத்தேன், திரையில் ஒன்றுமே வரவில்லை

தகரடப்பா:
மாமா வீடு மாறும்போது ஒரு பழைய பாம் த்ரீயை (கையடக்கக் கணினி), அதை நிறுத்திக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கிரேடிலோடு என் தலையில் கட்டிவிட்டார். இரண்டு ஏஏஏ பேட்டரி போட்டதும் உயிர் வந்துவிட்டது, தூக்கிப் போட மனசு வரவில்லை. முட்டை பொரிக்க ஒரு இன்குபேட்டர் பெட்டி செய்து வைத்திருக்கிறேன். எல்எம்35 வெப்பநிலை சென்சார், அதன் வோல்ட்டேஜை எண்ணாக்கும் ஏடிசி0804, 8051 வகை மைக்ரோகன்ட்ரோலரான ஏடி89எஸ்52 மூன்றும் ஒரே போர்டில். ஹீட்டரைப் பார்த்துக்கொள்வது தனி தெர்மோஸ்டாட், இந்த போர்டு வெறுமனே வெப்பநிலையைக் காட்ட மட்டும். இதுவரை எல்சிடியில் பார்த்தேன், இப்போது அதே எண்ணை ஐந்து நொடிக்கு ஒருமுறை சீரியலில் அனுப்பப் புரோகிராமில் சேர்த்திருக்கிறேன்.

போர்டில் மேக்ஸ்232 (சிப்பின் வோல்ட்டேஜை ஆர்எஸ்-232 என்ற சீரியல் முறையின் வோல்ட்டேஜாக மாற்றும் ஐசி) வழியாகத் துளை வைத்த டி9 (ஒன்பது கால் சீரியல் கனெக்டர்). கிரேடில் ஒயரின் முனையிலும் துளை வைத்த டி9தான். அதனால் இரண்டு ஆண் கனெக்டர் வாங்கி 2-க்கு 2, 3-க்கு 3, 5-க்கு 5 என்று நேராகச் சாலிடர் வைத்தேன். பாமில் பிடெல்நெட் என்ற டெர்மினல் புரோகிராமை சீரியலில் திறந்து நொடிக்கு 9600 பிட், 8என்1 (8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட்) கொடுத்தால் திரை வெறுமையாகவே இருக்கிறது. என் லேப்டாப்பில் சீரியல் போர்ட் இல்லை, போர்டைத் தனியாகச் சோதிக்கவும் வழியில்லை. கிரேடில் செத்துவிட்டதா?

நூல்கண்டு:
மேக்ஸ்232-ஐயே கழற்றிவிட்டு 8051-இன் காலை ஒரு ரெசிஸ்டர் வழியாக நேராகக் கொடுத்துப் பாருங்களேன். சும்மா ஒரு ஐசி எதற்கு?

எட்டுபிட்:
நூல்கண்டு சொல்வதைச் செய்யாதீர்கள். 8051-இன் சீரியல் கால் சும்மா இருக்கும்போது 5 வோல்ட்டில் நிற்கும், ஆர்எஸ்-232-இல் அதே சும்மா நிலை மைனஸ் வோல்ட்டேஜ். ஒன்று என்றால் மைனஸ், பூஜ்யம் என்றால் பிளஸ். ரெசிஸ்டர் கரண்டைக் குறைக்கும், தலைகீழை நேராக்காது. பாம் அனுப்பும் மைனஸும் நேராக உங்கள் சிப் மேல் போய் விழும். மேக்ஸ்232 இருக்கட்டும்.

உங்கள் கோளாறு ஒயரில். அந்தக் கிரேடில் கம்ப்யூட்டரின் பின்னால் நேராகச் செருகுவதற்காகச் செய்தது, அதனால் பாம் பேசுவது 2-ஆம் காலில் வெளியே வரும். உங்கள் போர்டும் கம்ப்யூட்டருக்காகவே செய்தது, அதுவும் 2-இல்தான் பேசும். வாயோடு வாய், காதோடு காது வைத்துக் கட்டியிருக்கிறீர்கள், அப்புறம் யார் யாருக்குக் கேட்கும்? ஒரு முனையில் மட்டும் 2-ஐயும் 3-ஐயும் மாற்றிப் போடுங்கள், 5 அப்படியே இருக்கட்டும். இரண்டு அவுட்புட்டும் மோதியதில் எதுவும் புகைந்திருக்காது, ஆர்எஸ்-232 டிரைவர்கள் அதைத் தாங்கும்.

கிரேடிலைச் சந்தேகப்படும் முன் போர்டைக் கழற்றிவிட்டு, கிரேடில் ஒயரின் 2, 3 துளைகளை ஒரு கொண்டை ஊசியால் சேருங்கள். பிடெல்நெட்டில் லோக்கல் எக்கோவை (எழுதியதைத் தானே திரையில் காட்டுவது) அணைத்துவிட்டு ஒரு எழுத்து எழுதினால் அதே எழுத்து திரும்பி வரவேண்டும். மீட்டர் வைத்தும் பார்க்கலாம்: கறுப்பு 5-இல், சிவப்பு 2-இல் வைத்தால் மைனஸில் சில வோல்ட் காட்டும். ஆனால் புரோகிராம் போர்ட்டைத் திறந்திருக்கும்போது மட்டும்தான். பேட்டரியை மிச்சம் பிடிக்க மற்ற நேரம் பாம் தன் சீரியல் சிப்பைத் தூங்க வைத்துவிடும். நான் ஒருமுறை இது தெரியாமல் அரை நாள் கிரேடிலைப் பிரித்துப் பிரித்து மாட்டினேன்.

ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோலையும் அணைத்து வையுங்கள். மூன்றே ஒயர் என்பதால் உங்கள் போர்டு சிடிஎஸ்ஸை ('அனுப்பலாம்' என்று சொல்லும் ஒயர்) இழுக்கப் போவதில்லை.

தகரடப்பா:
கொண்டை ஊசி வேலை செய்தது சார், ரொம்ப நன்றி! கிரேடில் நன்றாகத்தான் இருக்கிறது. 2, 3 மாற்றியதும் போர்டிலிருந்தும் வர ஆரம்பித்துவிட்டது, ஆனால் எல்லாம் கட்டமும் கிறுக்கலும். ஐந்து நொடிக்கு ஒருமுறை சரியாக வருகிறது, வருவதுதான் என்னவென்று தெரியவில்லை.

சாலிடர்பொடி:
போர்டில் கிறிஸ்டல் மேல் என்ன எண் அச்சாகியிருக்கிறது? சீரியல் வேகத்தைத் தீர்மானிக்கும் டைமரின் டிஎச்1-இல் எவ்வளவு போட்டீர்கள்?

தகரடப்பா:
12.000 என்று இருக்கிறது. டிஎச்1-இல் 253, ஒரு புத்தகத்தில் பார்த்துப் போட்டது.

சாலிடர்பொடி:
அந்தப் புத்தகம் 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டலுக்கு எழுதியது. 8051 கிறிஸ்டலை 12-ஆல் வகுக்கும், சீரியலுக்கு மறுபடி 32-ஆல். 11.0592 இருந்தால் 28,800 கிடைக்கும். டைமர் 253-இலிருந்து எண்ணி 256-இல் வழிவதால் மூன்றால் வகுபட்டு அச்சாக 9600. உங்கள் 12-இல் 31,250 கிடைத்து, மூன்றால் வகுத்தால் 10,417 சொச்சம். எட்டு சதவீதத்துக்கு மேல் வேகம். ஒரு எழுத்துக்கு ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்துப் பத்து பிட் போகிறது, ஒவ்வொரு பிட்டிலும் எட்டு சதவீதம் நழுவினால் ஏழாவது பிட்டுக்குள் பாதி பிட் தள்ளிப்போய்விடும், பாம் பக்கத்து பிட்டைப் படிக்கும். அதுதான் உங்கள் கிறுக்கல்.

சென்னை ரிச்சி தெருவில் போய் 11.0592 கேட்டால் எந்தக் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். அதுவரை டிஎச்1-இல் 243 போட்டு, பாமிலும் 2400 வையுங்கள். 31,250-ஐ 13-ஆல் வகுத்தால் 2404, அந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. ஐந்து நொடிக்கு ஒரு எண் அனுப்ப 2400 தாராளம்.

தகரடப்பா:
2400-இல் வந்துவிட்டது!!! ஆனால் ஒவ்வொரு வரியும் முந்தையது முடிந்த இடத்திலிருந்து மாடிப்படி மாதிரி வலதுபக்கம் இறங்குகிறது. அதோடு கொஞ்ச நேரத்தில் பாம் தானாக அணைந்துவிடுகிறது.

எட்டுபிட்:
மாடிப்படிக்குக் காரணம் நீங்கள் வரி முடிவில் 10 (அடுத்த வரிக்கு இறங்கு என்ற குறியீடு) மட்டும் அனுப்புவது. அதற்கு முன்னால் 13-ஐயும் அனுப்புங்கள், அப்போதுதான் கர்சர் இடது ஓரத்துக்குப் போகும். அணைவது ஆட்டோ ஆஃப், செட்டிங்கில் அதிகபட்சமே மூன்று நிமிடம்தான். பின்னால் சொந்தமாக சி-இல் எழுதுவதாக இருந்தால் எண் வரும்போதெல்லாம் ஈவென்ட் ரீசெட் ஆட்டோ ஆஃப் டைமர் ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள், தூங்காது. ஆனால் சீரியல் திறந்தே கிடந்தால் ஏஏஏ பேட்டரி சீக்கிரம் காலியாகும், இன்குபேட்டர் பக்கத்தில் நாள்முழுக்க வைக்கும் எண்ணம் இருந்தால் மறந்துவிடுங்கள்.

சாலிடர்பொடி:
இன்னொன்று. ஏடிசியின் ரெபரன்ஸ் காலில் 1.28 வோல்ட் வைத்திருக்கிறீர்கள் என்றால், சிப் அதன் இரு மடங்கை 256 படியாகப் பிரிப்பதால் ஒரு படிக்கு 10 மில்லிவோல்ட், அதாவது எல்எம்35-இல் ஒரு டிகிரி. முட்டைக்கு வேண்டியது 37.5. திரையில் 37 என்றோ 38 என்றோதான் வரும். 0.64 வைத்தால் அரை டிகிரி தெரியும், புரோகிராமில் இரண்டால் வகுக்க மறக்காதீர்கள்.

தகரடப்பா:
ஆமாம் சார், 1.28தான். 13 சேர்த்ததும் வரிகள் ஒழுங்காக நிற்கின்றன, 37, 37, 38, 37 என்று போகிறது. காலையும் மாலையும் கிரேடிலில் வைத்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு எடுத்துவிடுகிறேன். நேற்றே முட்டை வைத்தாயிற்று, அதனால் ரெபரன்ஸில் கை வைப்பது 21 நாள் கழித்துத்தான்.