டேலி கணக்கு: வீடு இரண்டு, ஊர் இரண்டு

ஈரோட்டுத் தங்கை:
வணக்கம். அண்ணன் திருப்பூரில் சின்னதாகப் பனியன் யூனிட் நடத்துகிறார். கல்யாணமாகி நான் ஈரோடு வந்த பிறகும் கணக்கு என் பொறுப்புதான். கணக்கு மென்பொருளான டேலி பிரைமின் சில்வர் லைசென்ஸ் (ஒருவர் மட்டும் பயன்படுத்துவது) அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. சேல்ஸ் பில்லை அவர் அங்கேயே போட்டுவிடுவார். நூல், டையிங் (சாயம்), காம்பாக்டிங் (துணி சுருங்காமல் பதப்படுத்துவது) பில்லெல்லாம் எனக்கு வாட்ஸ்அப்பில் வரும். என் லேப்டாப்பில் லைசென்ஸ் இல்லாததால் எஜுகேஷன் மோடில் (லைசென்ஸ் இல்லாமல் பழகிப் பார்க்கும் முறை) 1, 2, 31 தேதிகளுக்கு மட்டும்தான் என்ட்ரி போட முடிகிறது. டேட்டா ஃபோல்டரை ஆன்லைன் டிரைவில் வைத்து இருவரும் திறக்கலாமா? 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ஜிஎஸ்டி ரிட்டர்ன்) போட வேண்டும். ஒரு பில் விட்டுப்போனாலும் சரக்கு வாங்கியவருக்கு இன்புட் கிரெடிட் (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) தெரியாது. பேச்சு வாங்குவது அண்ணன்தான்.

கோவை கணக்கர்:
அது மட்டும் வேண்டாங்க. ஒரு வவுச்சரை (ஒரு பில்லின் என்ட்ரி) சேமித்தால் ஃபோல்டருக்குள் பல ஃபைல்கள் மாறும். டிரைவ் அவற்றை ஒவ்வொன்றாகத்தான் ஏற்றும். உங்களிடம் பாதி பழசும் பாதி புதுசுமாக இறங்கினால் டேலியில் அந்தக் கம்பெனிக் கணக்கே திறக்காமல் போகலாம். ஆல்ட்+ஒய் கொடுத்து எடுக்கும் பேக்கப்பை டிரைவில் தாராளமாக வையுங்கள். ஆனால் அதை ரிஸ்டோர் செய்யும்போது (டேலிக்குள் திரும்ப ஏற்றும்போது) கவனம்: அது இரண்டு கணக்கைச் சேர்க்காது, இருப்பதை அழித்துவிட்டு வந்து உட்காரும். நீங்கள் ஏற்றியதைத் திருப்பூரில் ரிஸ்டோர் செய்தால், இடையில் அண்ணன் போட்ட பில்லெல்லாம் போய்விடும்.

கணக்கு திருப்பூரிலேயே இருக்கட்டும். குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போட்டு அந்தக் கம்ப்யூட்டரையே ஈரோட்டிலிருந்து ஓட்டுங்கள். இலவசம்தான், விண்டோஸ் ஹோமிலும் வேலை செய்யும். அங்கே ஸ்லீப் மோடை நிறுத்தி, யூபிஎஸ் வைக்கச் சொல்லுங்கள்.

ஈரோட்டுத் தங்கை:
நன்றிங்க. பையன் தூங்கிய பிறகு இரவில்தான் உட்காருவேன், அதனால் அண்ணனோடு மோதாது. படுக்கப் போகும்போது அவர் சுவிட்சை அணைத்துவிடுவார், அதைச் சொல்லி வைக்கிறேன். வருஷக் கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டி வந்தால்?

சேலம் டேலி சர்வீஸ்:
கோல்டு லைசென்ஸுக்கு மாறச் சொல்வார்கள். அது ஒரே லேனில் (ஒரே இடத்துக்குள் இருக்கும் நெட்வொர்க்) பல கம்ப்யூட்டர் ஓட்டத்தான். ஊர் மாறினால் அது மட்டும் போதாது. உங்களுக்கும் தனி லைசென்ஸ் எடுத்து, டேலியிலேயே இருக்கும் சிங்க்ரனைசேஷனை (இரண்டு இடத்துக் கணக்கையும் ஒத்துப்போக வைக்கும் வசதி) போடலாம். அப்போது பர்ச்சேஸுக்கு ‘ஈரோடு’ என்று தனி வவுச்சர் டைப் வையுங்கள், நம்பர் முட்டாது. புது லெட்ஜரை (ஒவ்வொரு பார்ட்டிக்கும் உள்ள தனிக் கணக்கு) ஒருவரே உருவாக்க வேண்டும். இதில் நான் கறாராக இருப்பேன். ஒரே மில்லுக்கு இரண்டு எழுத்துக்கூட்டலில் லெட்ஜர் இருந்தால் பாக்கி எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

கோவை கணக்கர்:
சரிதான். ஆனால் மாதத்துக்கு நாற்பது, ஐம்பது பில்தான் என்றால் அந்தச் செலவு இப்போது தேவையில்லை. இரவில் வேலை முடித்ததும் ஒரு பேக்கப் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள்.